பாஸ்மதி யாருக்குச் சொந்தம்?

சென்னையில இருந்தும் கோயம்புத்தூர்ல இருந்தும் எங்க வயலைப் பார்க்க வர்றவங்க தவறாம ஒரு கேள்வி கேப்பாங்க. "ஏண்ணே, சீரகச் சம்பா போடுறீங்களே, அதுக்குப் பதிலா பாஸ்மதி போட்டா இன்னும் நல்ல விலை கிடைக்குமே?" போடலாம். விதைச்சா முளைக்கும், பயிர் வளரும், கதிரும் வரும். ஆனா அந்த நெல்லை பாஸ்மதின்னு பேர் சொல்லி விக்க முடியாது. இதைச் சொன்னதும், "அது எப்படிண்ணே, விதை பாஸ்மதிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிரியாணி சாப்பிடுறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதைங்கிறதால பொறுமையா படிங்க.

பேர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். பாஸ்மதியில இருக்கிற 'மதி'யை நம்ம ஆளுங்க நிலான்னு நினைச்சுக்கிறாங்க. அரிசி வெள்ளையா இருக்கிறதால பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா பொருள் வேற. நாம வாசம்னு சொல்ற அதே வடசொல்தான் வடக்கே 'பாஸ்' ஆச்சு. 'மதி' அங்கே 'உடையது' என்று பொருள் தரும் விகுதி. வாசமுடையது, அவ்வளவுதான். நீளத்தைப் பத்தி அந்தப் பேர்ல ஒரு எழுத்துகூட இல்லை. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

வாச அரிசிக்குத் தனி விலை கொடுக்கிற வழக்கம் ரொம்பப் பழசு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் அக்பர் காலத்து விலைப்பட்டியல் இருக்கிறது. ஒரு மணங்கு கோதுமை 12 தாம். அறுபது நாளில் விளைகிற 'சாத்தி' அரிசி 20 தாம். கஸ்தூரி மணத்தின் பேரால் 'முஷ்கீன்' என்று அழைத்த அரிசி 110 தாம். அதாவது மட்ட அரிசிக்கும் வாச அரிசிக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தப் பட்டியலில் பாஸ்மதி என்ற பேர் கிடையாது. ஆனா சாம்ஜீரா, தேவ்ஜீரான்னு சீரகத்தின் பேர்ல இரண்டு அரிசி இருக்கு, தலா 90 தாம். சீரகச் சம்பா போடுறவனுக்கு அதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும்.

பாஸ்மதிங்கிற பேர், பஞ்சாபிக் கவிஞர் வாரிஸ் ஷா 1766இல் எழுதிய 'ஹீர்' காவியத்தில் வருகிறது. கல்யாண விருந்துக்கு வந்த அரிசி வகைகளை அவர் வரிசையா சொல்லிக்கிட்டே போறார், அதுல ஒண்ணு பாஸ்மதி. பாஸ்மதியின் பழமைக்குச் சான்று கேட்டா எல்லாரும் முதல்ல எடுத்துக் காட்டுறது இதைத்தான். அவர் வாழ்ந்த ஊர்ப்பக்கம் இன்னைக்கு பாகிஸ்தானில் இருக்கிறது. இதுவும் பின்னாடி ஒரு வழக்குல முக்கியமாகும்.

இந்த நெல்லின் சொந்த மண் இமயமலை அடிவாரம். ராவிக்கும் சீனாபுக்கும் இடைப்பட்ட சமவெளியில் தொடங்கி அமிர்தசரஸ், குர்தாஸ்பூர், ஜம்முவின் ரண்பீர் சிங் புரா, ஹரியானாவின் கர்னால், அப்புறம் டேராடூன் வரைக்கும் நீளுகிற பட்டை அது. அங்கே ஜூலையில மழையோட நடவு. செப்டம்பர் கடைசியில, அக்டோபர்ல பூ எடுக்கும். மணி பால் பிடிச்சு முத்துற நேரத்துல ராத்திரி குளிர ஆரம்பிச்சிடும். வாச நெல்லுக்கு அந்தக் குளிர்தான் தேவை. மணி முத்தும்போது சூடு அதிகமா இருந்தா வாசம் குறைஞ்சுபோகும். எங்க டெல்டாவுல சீரகச் சம்பா மார்கழிப் பனியில முத்துறதும் அதே கணக்குதான். பட்டம் தவறிப் போட்டா நெல் விளையும், வாசம் பாதிதான் இருக்கும்.

அந்த வாசம் எங்கே இருந்து வருதுன்னு 1982இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த ரான் பட்டரியும் உடன் இருந்தவங்களும் கண்டுபிடிச்சாங்க. 2-அசிட்டைல்-1-பைரோலின் என்கிற ஒரு பொருள். பேர் வாயில நுழையாட்டியும் மூக்குக்கு நல்லாத் தெரிஞ்சதுதான். சூடான சோளப்பொரியில இருப்பது அதுவே. இலங்கைச் சமையல்ல போடுற ரம்பை இலையில இருப்பதும் அதுவே. சீரகச் சம்பாவிலும் இருக்கு. சாதாரண நெல்லில் ஒரு மரபணு, இந்த வாசப் பொருள் உருவாகிற பாதையை அடைச்சு வெச்சிருக்கும். வாச நெல்லில் அந்த மரபணு பழுது. பழுதானதால கதவு திறந்து வாசம் வந்துடுது. பாஸ்மதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் பழுது ஒரே இடத்துல, ஒரே மாதிரி இருக்கு. என்றைக்கோ யாரோ ஒரு விவசாயி, களத்துல ஒரு கதிரை முகர்ந்து பார்த்து, இதைத் தனியா எடுத்து வைன்னு சொல்லியிருக்கணும். அப்படித் தலைமுறை தலைமுறையா விதை எடுத்து வெச்சதாலதான் அது நம்ம கைக்கு வந்திருக்கு.

வாசம் தவிர பாஸ்மதிக்கு இன்னொரு குணம் உண்டு. வேகும்போது அகலத்துல பெருசா ஊதாம நீளவாக்கில் வளரும். இந்திய அரசின் தரவிதிப்படி அரிசி குறைந்தது 6.61 மில்லிமீட்டர் நீளம் இருக்கணும், அகலத்தைப் போல மூன்றரை மடங்கு நீளம் இருக்கணும், வெந்த பிறகு 1.7 மடங்காவது நீளணும். மாவுச்சத்தில் அமிலோஸ் என்கிற பகுதி இதுல நடுத்தரமா, 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கு. ரொம்பக் கூடினா சோறு ஆறியதும் விறைச்சுடும். ரொம்பக் குறைஞ்சா பிசின் மாதிரி ஒட்டும். நடுவுல இருக்கிறதால மெத்துன்னும் இருக்கு, உதிரி உதிரியாவும் இருக்கு.

இந்தக் குணத்தைச் சுத்தித்தான் வடக்கத்திச் சமையல் வளர்ந்திருக்கு. புலாவுல நெய்யும் ரெண்டு மூணு பட்டை கிராம்பும் போதும், மீதி வேலையை அரிசியே பார்த்துக்கும். தம் பிரியாணிக்கு அரிசியைக் கொதிக்கிற உப்புத் தண்ணியில முக்கால் பதம் வேகவெச்சு வடிச்சு, மசாலா மேல பரப்பி ஆவியில முடிக்கிறாங்க. ஈரான்காரங்க 'செலோ' செய்யிறதும் இதே முறை, வடிச்சுட்டு ஆவியில வைப்பாங்க. அடியில பிடிக்கிற மொறுமொறு காந்தலை 'தாதீக்'னு பேர் வெச்சு விருந்தாளிக்கு முதல்ல வைப்பாங்க. நம்ம வீட்டுல சட்டி சுரண்டப் பிள்ளைங்க சண்டை போடுற அதே காந்தல்தான். குங்குமப்பூவும் சர்க்கரையும் போட்ட ஸர்தாவும் பஞ்சாபிலே கல்யாணத்துக்கு உண்டு.

புது அரிசி இதுக்கெல்லாம் ஆகாது, குழைஞ்சுடும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பழசானாத்தான் பாஸ்மதி உடையாம நீளும், ஒட்டாம வேகும். நம்ம வீடுகள்ல பழைய நெல்லை அரைச்சுச் சோறாக்கினதும், புது அரிசியைப் பொங்கலுக்கு ஒதுக்கினதும் இதே அறிவுதான். உடைஞ்ச அரிசியையும் அவங்க வீணாக்குறதில்லை. முக்கால் மணியை திபார், பாதி மணியை துபார், அதுக்கும் சின்னதை மோக்ரான்னு தரம் பிரிச்சு விக்கிறாங்க. மோக்ராவுல வாசம் முழுசும் இருக்கும், விலை குறைவு. பாயசத்துக்கும் தயிர்ச்சாதத்துக்கும் முழு அரிசி வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம்.

இப்ப வரலாற்றுக்குத் திரும்புவோம். லாகூர் பக்கம் காலா ஷா காக்கு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில், உள்ளூர் நெல்லில் இருந்து பொறுக்கியெடுத்து 1933இல் பாஸ்மதி 370 என்ற ரகத்தை வெளியிட்டாங்க. எல்லாக் கிராமத்துலயும் கலந்து கிடந்த நெல்லுக்கு அப்பத்தான் ஒரு எண்ணும் அடையாளமும் கிடைச்சுது. 14 வருஷம் கழிச்சு 1947இல் பிரிவினை வந்தது. பண்ணை அந்தப் பக்கம் போச்சு. நெல் இரண்டு பக்கமும் இருந்தது.

அந்தப் பழைய ரகம் ஆளுயரம் வளரும். உரம் கொஞ்சம் கூடினா சாஞ்சுடும். 150 நாளைத் தாண்டும். ஏக்கருக்கு ஒரு டன் கண்டால் பெரிசு. பசுமைப் புரட்சி வந்து குட்டை நெல் ஏக்கருக்கு இரண்டு டன், மூணு டன்னு கொட்டினபோது, பாஸ்மதியை யார் போடுவா? வீட்டுச் சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும்னு கொஞ்சம் கொஞ்சம் வெச்சிருந்தவங்கதான் அதைக் காப்பாத்தினாங்க. எங்க பக்கம் சீரகச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் பிழைச்சதும் அப்படித்தான்.

டெல்லி பூசா நிறுவனத்தில் 1989இல் பூசா பாஸ்மதி 1 வந்தது. முதல் குட்டை பாஸ்மதி. சாயாது, மகசூல் ஏறக்குறைய இரட்டிப்பு. ஏற்றுமதி பெருசாத் தொடங்கினது அதுக்கப்புறம்தான். 2003இல் பூசா 1121 வந்தது. பச்சை அரிசியே எட்டு மில்லிமீட்டருக்கு மேல, வெந்தா இரண்டு மடங்குக்கு மேல நீளும். அரபு நாட்டுத் தட்டுகளில் அதுக்கு அப்படி ஒரு வரவேற்பு. ஆனா அன்றைய விதிப்படி அதைப் பாஸ்மதின்னு சொல்ல முடியலை. 2008இல் விதியைத் திருத்திப் பூசா பாஸ்மதி 1121ன்னு அறிவிச்சாங்க. பாகிஸ்தான் ஆட்சேபிச்சது.

அந்த ரகத்தை உண்டாக்கின விஞ்ஞானிகளை நான் குறை சொல்ல வரலை. சாயாத, விளைகிற நெல் கொடுத்து லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்தாங்க. ஆனா பழைய தராவடி பாஸ்மதியைச் சாப்பிட்டவங்ககிட்ட கேட்டா, 1121இல் நீளம் ஜாஸ்தி, வாசம் மட்டுதான்னு சொல்வாங்க. வாசத்துக்காகப் பேர் வாங்கின அரிசி நீளத்துக்காக விக்குது. கடையில நாமளும் பாக்கெட்டைத் தூக்கிக் கண்ணாலதான் பார்க்கிறோம்.

பேர் பெருசானதும் பேருக்குச் சண்டை வந்தது. 1997 செப்டம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ்டெக் நிறுவனத்துக்கு 'பாஸ்மதி நெல் வழிகளும் மணிகளும்' என்ற தலைப்பில் காப்புரிமை கொடுத்தாங்க. மொத்தம் 20 உரிமைக் கோரிக்கைகள். தாங்கள் உண்டாக்கின மூணு ரகத்துக்கு மட்டும் கேட்டிருந்தா யாரும் பேசியிருக்க மாட்டாங்க. மேற்குப் பூகோளத்துல எங்கே விளைஞ்சாலும், பாஸ்மதியின் குணம் கொண்ட மணிக்கே உரிமை என்கிற அளவுக்குச் சில கோரிக்கைகள் பரந்து கிடந்தன. இந்தியாவுல விவசாயிகளும் தொண்டு நிறுவனங்களும் எதிர்த்தாங்க. 2000இல் இந்திய அரசு, இதெல்லாம் எங்க நெல்லில் ஏற்கனவே இருக்கிற குணம்னு ஆதாரம் கொடுத்து மறுபரிசீலனை கேட்டது. நிறுவனம் சிலவற்றைத் தானாவே விட்டுக்கொடுத்தது. 2001இல் காப்புரிமை அலுவலகம் மிச்சத்திலும் பெரும்பகுதியைத் தள்ளி, அவங்க சொந்த மூணு ரகத்துக்கு மட்டும் உரிமையை நிறுத்திக்கிட்டது. தலைப்புல இருந்த பாஸ்மதிங்கிற சொல்லும் போச்சு. நெல்லுக்கு வந்த ஆபத்து தீர்ந்தது. ஆனா பாஸ்மதிங்கிற பேரை அங்கே வேற யாரும் போட்டுக்கக் கூடாதுன்னு தடை வரலை.

அந்த நேரத்துல நம்ம நாட்டிலேயே பேருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவகம் இருக்கிறது சென்னை கிண்டியில. நிலத்துக்குப் பட்டா மாதிரி, ஊர்ப்பேர் சொல்லி விக்கிற பொருளுக்குப் பட்டா கொடுக்கிற ஆபீஸ் அது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கொடுத்த அதே ஆபீஸ், 2016 பிப்ரவரியில் பாஸ்மதிக்கும் கொடுத்தது. எல்லை இதுதான்: பஞ்சாப், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், டெல்லி, உத்தரகாண்ட், உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்கள், ஜம்முவின் சில மாவட்டங்கள். மன்னார்குடியில நான் அதே விதையைப் போட்டாலும் பாஸ்மதி ஆகாததுக்குக் காரணம் இதுதான்.

மத்தியப் பிரதேசத்துக்காரங்க தங்களையும் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டாங்க. அங்கே நிறையப் பேர் அந்த ரகங்களைப் பயிரிடுறாங்க. வழக்கு நடந்ததும் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலதான். 2020இல் தள்ளுபடி ஆச்சு. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சு, திரும்ப விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கே அனுப்பியது. இன்னொரு பக்கம், ஐரோப்பாவுல பேருக்குப் பாதுகாப்புக் கேட்டு இந்தியா 2018இல் விண்ணப்பிச்சபோது பாகிஸ்தான் எதிர்த்தது. 2021 ஜனவரியில தன் நாட்டுல தனியா ஒரு புவிசார் குறியீடும் பதிவு செஞ்சது. வாரிஸ் ஷாவின் ஊர் எங்ககிட்டத்தானே இருக்குன்னு அவங்க கேட்டா அதுலயும் நியாயம் இருக்கு. 1947இல் போட்ட கோடு நெல்லைக் கேட்டுப் போட்டதில்லை.

சரி, இவ்வளவு பேர் புகழ் இருக்கே, விவசாயிக்கு என்ன கிடைச்சுது? சாதா நெல்லுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும். பாஸ்மதிக்கு அது கிடையாது. மண்டியில ஏலம் போற விலைதான். ஈரான் வாங்கினா ஏறும், வாங்காட்டி இறங்கும். 2022-23இல் சுமார் 45 லட்சம் டன் பாஸ்மதி ஏற்றுமதி ஆச்சு. 2023 ஆகஸ்டில் டன்னுக்கு 1,200 டாலருக்குக் கீழே ஏற்றுமதி கூடாதுன்னு உத்தரவு வந்தது. அறுவடை நேரத்துல வியாபாரிங்க வாங்கத் தயங்கினாங்க. அக்டோபர்ல அதை 950 ஆக்கினாங்க, 2024 செப்டம்பர்ல எடுத்தே விட்டாங்க. குலைநோய்க்கு அடிக்கிற ட்ரைசைக்ளசோல் மருந்தின் எச்சத்துக்கு ஐரோப்பா 2018இல் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்னு உச்சவரம்பு வெச்சது. நோய் வந்தா மருந்து அடிக்காம இருக்க முடியாது, அடிச்சா வாங்க மாட்டாங்க. அதுக்கப்புறம் பூசாவுல நோய் தாங்குற ரகங்களை உண்டாக்கி 2021இல் கொடுத்தாங்க. அதுதான் உருப்படியான தீர்வு.

டேராடூன் கதை இன்னும் வேற. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கவைக்கப்பட்ட ஆப்கன் அமீர் தோஸ்த் முகமது கான்தான் விதை கொண்டுவந்தார்னு அங்கே ஒரு கதை சொல்வாங்க. உண்மையோ கதையோ, டேராடூன் பாஸ்மதிக்கு நாடு முழுக்கப் பேர். 2000இல் அந்த ஊர் புது மாநிலத்தின் தலைநகரமாச்சு. பாஸ்மதி விளைஞ்ச வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனை ஆயிடுச்சு. பாக்கெட்ல டேராடூன் பேர் இன்னும் அச்சாகுது. பட்டா இருந்தும் வயல் இல்லாட்டி அந்தப் பேரை வெச்சு என்ன செய்யிறது?

கடையில வாங்குறவங்களுக்குச் சில விஷயம். பாக்கெட்ல ரகத்தின் பேரும் அறுவடை வருஷமும் போட்டிருக்கான்னு பாருங்க. பாஸ்மதியில செயற்கை வாசனையும் நிறமும் சேர்க்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஆகஸ்ட் முதல் விதி வெச்சிருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சதும் தூக்கி அடிக்கிற வாசம் வந்து, வெந்த பிறகு ஒண்ணுமே இல்லாட்டி சந்தேகப்படுங்க. 'செல்லா'ன்னு போட்டிருந்தா அது புழுங்கல் பாஸ்மதி. பெரிய அண்டாவுல கிளறினாலும் உடையாதுங்கிறதால கல்யாணச் சமையலுக்கு எடுப்பாங்க, வாசம் கொஞ்சம் கம்மி. வீட்டுக்குப் பச்சரிசி போதும். அரை மணி நேரம் ஊறணும், அதுக்கு மேல வேண்டாம், ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணி. வெந்ததும் உடனே கிளறாதீங்க.

ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணிக்கு மட்டும் பாஸ்மதி எடுக்காதீங்க. அந்த மசாலாவை உறிஞ்சி உள்ளே வெச்சுக்கிற வேலை சீரகச் சம்பாவின் குட்டை மணிக்குத்தான் வரும். பாஸ்மதி மசாலாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கும், சீரகச் சம்பா குடிச்சிடும்.

சீரகச் சம்பாவைப் பத்திப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். பக்கத்துல கேரளாவுல வயநாட்டு ஜீரகசாலாவும் கந்தகசாலாவும் புவிசார் குறியீடு வாங்கிட்டது. நம்ம கடைகள்ல மேற்கு வங்கத்துல இருந்து வர்ற குட்டை மணி வாச அரிசியும் சீரகச் சம்பாங்கிற பேர்லயே விக்குது. அந்த அரிசியும் நல்ல அரிசிதான், அந்த விவசாயியும் நம்மள மாதிரிதான். ஆனா வாங்குறவங்க எந்த ஊர்னு கேக்கிறதில்லை, விக்கிறவங்களும் சொல்றதில்லை. எங்க பக்கம் ஏக்கருக்கு 15, 18 மூட்டை தர்ற நெல்லை, 30 மூட்டை தர்ற நெல்லுக்கு நடுவுல நின்னு விளைவிக்கிறவனுக்கு, அந்தப் பேர் ஒண்ணுதான் மூலதனம். அடுத்த தடவை சீரகச் சம்பா வாங்கும்போது எந்தத் தாலுகா, எந்த வருஷத்து நெல்லுன்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பத்து பேர் கேட்டா, பதினோராவது ஆளுக்காக அவர் மூட்டை மேல ஊர்ப்பேர் எழுதி வைப்பார்.